இடைவெளிகள் நீக்கப்பட்டன

மாடி அறையில் விஜயஸ்ரீ மடிக்கணினியைத் திறந்தபோது, கீழே அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொழுது சாயதுக்குள்ள எடுத்திரணும்மா. பிரசாத் வார வரைக்கும் வைக்க முடியாது," என்று சித்தப்பா காந்திமதிநாதன் சொல்லிவிட்டார். தம்பி குருபிரசாத் தோகா விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"அம்மா பேசுத வீடியோ ஒண்ணு எடுத்தியேக்கா, அதையாவது அனுப்பு," என்று போனில் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கூடவே இருந்தியே, வலிக்குன்னு உன்கிட்ட சொல்லவே இல்லியா?" என்றான்.

"இல்லலே. ஒரு வார்த்தை சொல்லல."

சத்தியமான பேச்சுதான். பித்தப்பையில் புற்று முற்றிப்போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னதே போன மாதம்தான். வீடியோ அதற்கும் முன்னால், பங்குனியில் எடுத்தது. தம்பி மனைவிக்காகச் சொதிக் குழம்பு வைக்கும் பக்குவத்தை அம்மா சொல்லச் சொல்ல விஜயஸ்ரீ பதிவு செய்தாள். முழுப் பதிவும் ஒரு மணி நேரம். விமான நிலைய நெட்டில் அது போய்ச் சேராது. சுருக்கிவைத்ததைத்தான் அனுப்ப வேண்டும்.

பேட்டிகளை வெட்டிக்கொடுப்பது அவளுடைய பிழைப்பு. பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தாள். எழுத்தில் ஒரு வரியை அழித்தால் படத்திலும் அந்த இடம் போய்விடும். பேச்சில்லாத இடைவெளிகளை ஒரே சொடுக்கில் நீக்கிவிடலாம். எழுத்தில் வராத எதுவும் அதற்குக் குப்பைதான். அம்மாவின் பேச்சையும் அப்படித்தான் சுத்தம் செய்திருந்தாள்.

இப்போது ஓட்டிப் பார்த்தால் அம்மா மூச்சுவிடாமல் பேசினாள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, எலுமிச்சை எல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன. அம்மா எந்தக் காலத்தில் இப்படிப் பேசினாள்? இதை எப்படி அனுப்புவது?

சுருக்கிய அந்தப் பதிவை வேறொரு வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு மாற்றினாள். துண்டு துண்டாக வந்து வரிசையில் உட்கார்ந்தது. இங்கே ஒரு துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டுப்பட்டது வெளியே வரும். இழுத்தாள்.

"மொதப் பால தனியா எடுத்து வச்சிக்கிடணும்," என்று சொல்லி அம்மா நிறுத்தினாள். வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு எதிரே கேமராவோடு இருந்த மகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்தாள். "ரெண்டாம் பால்ல காய வேகவிடணும்."

எதிரே இருந்தவள் குனிந்து ஒலியின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அடுத்த துண்டை இழுத்தாள். அதிலும் அந்தக் கை. அதற்கடுத்ததிலும். இத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. அன்றைக்கே பார்த்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

மறுபடி வெட்டிவிடலாம். பிரசாத்துக்குத் தெரியவே தெரியாது. விரல் அப்படியே நின்றது.

"ஏட்டி விஜயா, கீழ வா. வாய்க்கரிசி போடணும்லா," என்று வேணி அத்தை கூப்பிட்டாள்.

இழுத்து எடுத்த எதையும் மறுபடி வெட்டாமல், அந்தச் சுருக்கத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு எழுந்தாள்.

கீழே, புதுச்சேலை சுற்றி அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தை இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துக் கட்டைவிரல்களைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கைகள் விலாவுக்குக் கீழே அழுந்திக் கிடந்தன.

"கொஞ்சம் மேல ஏத்திக் கட்டுங்க அத்தை," என்றாள் விஜயஸ்ரீ. "அங்கன அம்மைக்கு வலிக்கும்."

அத்தை முடிச்சை அவிழ்த்தாள்.