மெயின்வேரிங் அல்ல, மானரிங்

2003ஆம் ஆண்டு. சண்டை நின்றிருந்த காலம். யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான சுருவிலில் புதிதாகக் கட்டிய முன்பள்ளியைத் திறந்துவைக்க இங்கிலாந்திலிருந்து ஒரு கிழவர் வந்திருந்தார். அதைக் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். விழாவில் அறிவிப்புச் செய்யும் பொறுப்பு முன்பள்ளி ஆசிரியை யூலியானாவுக்கு.

விழா தொடங்கச் சற்று முன்னர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அம்பலவாணர் ஆங்கில அழைப்பிதழை அவளிடம் நீட்டி விருந்தினரின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்.

"மெயின்வேரிங். எழுத்துக்கூட்டிப் பாரும் பிள்ளை."

"அப்பிடியில்லை ஐயா, மானரிங். நேற்றுக் கட்டடம் பார்க்க வந்த நேரம் அவரிட்டையே கேட்டனான். எழுதுறது ஒரு மாதிரி, சொல்லுறது வேறை மாதிரியாம்."

கொழும்புக் கந்தோரில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் அம்பலவாணர். முகம் கறுத்துவிட்டது.

"கடல்தொழில்காரன்ர பெட்டை எனக்கு இங்கிலீசு படிப்பிக்கிறாளோ? நான் சொன்னபடி சொல்லும். ஏலாதெண்டா மைக்கை வேறை ஆரிட்டையும் குடுப்பம்."

யூலியானாவுக்குக் காதுமடல் கொதித்தது. பின்வரிசையில் அப்பா இன்னாசித்தம்பி தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு மேடையேறினாள்.

"எங்கள் பிரதம விருந்தினர், மதிப்புக்குரிய திரு. மானரிங் அவர்களை..."

"மெயின்வேரிங்!" அம்பலவாணர் கதிரையில் இருந்தபடியே உரக்கத் திருத்தினார். சனம் திரும்பிப் பார்த்தது.

யூலியானா மைக்கைக் கிட்ட இழுத்தாள். "மானரிங்," என்றாள், முன்னதைவிடச் சத்தமாக.

"யெஸ், மானரிங்!" கிழவர் சிரித்தபடி எழுந்தார். இந்த நாட்டில் தம் பெயரை யாரும் இதுவரை கேட்டுச் சொன்னதில்லை என்று சொல்லி, "மிஸ் ஜூலியானா"வுக்கு நன்றி கூறினார்.

அவள் விட்டாளா? "யூலியானா," என்றாள்.

கிழவருக்கு மூன்றாம் தடவைதான் சரிவந்தது. சனம் கைதட்டியது. இன்னாசித்தம்பி எழுந்து நின்றே தட்டினார்.

அடுத்த மாதச் சங்க விழாவில் அறிவிப்புச் செய்ய அவளை யாரும் கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்று அம்பலவாணர் சொல்லியனுப்பியதாகச் சங்கச் செயலாளர் கனகசபை முன்பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"பிழையாச் சொன்னது நானில்லை அண்ணை," என்றாள் யூலியானா. "மன்னிப்புக் கேக்கிறதெண்டா அவர் வந்து கேக்கட்டும். பத்து மணிக்குப் பிள்ளையளுக்கு இடைவேளை. அந்த நேரம் வரச் சொல்லுங்கோ."