மரச்சீவல் மேட்டில் வெந்த மாவு

"ரெண்டு தீயணைப்பு வண்டி வந்து நிக்குது. எதுக்கு? உன் ரொட்டி மாவுக்கு!"

ஆர்விட் கத்தியது எங்கள் சமையலறை வரை கேட்டது. ஜன்னலைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்குமே என்று திறந்தேன்.

எங்கள் ஊர் வீடுகளுக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் ஆலை எதிரே இருக்கிறது. ஆர்விட் அதன் மேலாளர். மலைபோல் குவிந்த மரச்சீவலைக் கொதிகலனுக்குத் தள்ளும் வண்டியை ஓட்டுபவள் லெம்பி. நாங்கள் மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்த மேடு உள்ளுக்குள் தானாகவே சூடாகும். குளிர்காலம் முழுக்க லெம்பி அதில் குழி தோண்டி, ஏலக்காய் ரொட்டி மாவைத் தகர டப்பாவில் புதைத்துப் பொங்க வைப்பாள். ஆர்விட்டைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சென்ற மாதம் வெப்பம் பார்க்கும் கேமரா ஒன்றைக் கம்பத்தில் ஏற்றினார்கள். ஆர்விட் கத்திய அன்று காலை அவள் டப்பாவை வெளியே எடுத்ததும் அது அலறி, தீயணைப்பு நிலையத்தையும் கூப்பிட்டுவிட்டது.

"இன்னியோட உனக்கு வேலை இல்ல, லெம்பி."

"சரி. அதுக்கு முன்னாடி இதைப் பாரு. தினமும் பொங்கி வழியுற மாவு, இன்னிக்கு வெந்து கெடக்கு."

"உன் சமையல் புராணம் யாருக்கு வேணும்?"

கேமராவைப் பொருத்திய வெய்க்கோ (கல்யாணம் ஆகாதவன், விசாரித்துவிட்டேன்) மாவில் விரலைக் குத்திப் பார்த்தான்.

"எவ்வளவு ஆழத்துல வச்சீங்க?"

"எப்பவும்போல முழங்கை ஆழம்."

அவன் திரையைத் திருப்பினான். "இந்த இடம் நேத்து வரைக்கும் பன்னிரண்டு டிகிரி. குழியைத் திறந்ததும் அறுபத்தெட்டு."

"அப்ப உன் கேமரா இத்தனை நாளா பொய் சொல்லுச்சா?" என்றார் ஆர்விட்.

"பொய் இல்லங்க. அதுக்கு மேல்தோல் மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாது."

எனக்குச் சப்பென்று போயிற்று. அது சுவரைத் தாண்டியும் பார்க்கும் என்று நம்பி, ஒரு மாதமாக வீட்டுச் சவுனா நீராவிக் குளியலறையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லெம்பி யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறி, குழிக்குப் பக்கத்தில் ஆழமாக அள்ளினாள். முதலில் ஆவி. பிறகு கறுத்த சீவல். காற்று பட்டதும் அது சிவந்தது. சுருட்டிய குழாய்களைத் தீயணைப்பு ஆட்கள் மறுபடியும் விரித்தார்கள்.

மதியம் அணைந்ததும் ஆர்விட் அவளிடம் ஒரு நீளமான வெப்பமானிக் கம்பியைக் கொடுத்தார்.

"தினமும் காலைல குத்திப் பார்த்து எழுதி வை."

"அப்ப வேலை?"

"அதான் குடுத்தேனே!"

ஈஸ்டருக்குள் ஆர்விட் கடற்கரை ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். லெம்பிக்கு வெய்க்கோதான் என்று நான் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். ஜூனில் அவள் கட்டிக்கொண்டது அன்று தீயணைக்கக் குழாய் பிடித்த கௌகோவை. வெய்க்கோ தாம்பரே நகருக்குப் போய்விட்டான், இன்னும் தனியாகத்தான் இருக்கிறானாம்.