முன்வாசல் வழியாக வந்த வவுச்சர்

"அந்தப் பேனாவை மூடு, வெர்னா."

"மூடறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா உடனே—"

"போட மாட்டேன்னு எத்தனை தடவை சொல்ல—"

"கோரலுக்காகவாவது போடு—"

"அவளை எதுக்கு இழுக்கறே?"

"இழுக்கறது நான் இல்ல, வெயில். நீ கொஞ்சம் வாயை மூடினா நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போறேன்."

வின்கோ வாயை மூடவில்லை. நானும் மூடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். நடுவில் சாய்வு நாற்காலியில் கிடந்த கோரல், அவன் மனைவி, பந்தாட்டம் பார்ப்பவள்போல அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாரத்தில் இரண்டு நாள் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கூடத்தில் உட்கார்ந்து மின்கட்டண வவுச்சர் கொடுப்பவள். கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு மாநில அரசு தருவது அது. எங்கள் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பில் யார் பெயரில் வருகிறதோ அவர்தான் கேட்க வேண்டும். இந்த வீட்டுப் பில் வின்கோ பெயரில் வருகிறது. வின்கோ எதையும் கேட்டுப் பழகாதவன்.

கோரலுக்கு நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் முதலில் கால் பேச்சுக் கேட்காது, பிறகு கை, பிறகு நாக்கும் குழறும். ப்ரோக்கன் ஹில் மாதிரிப் பாலைநிலச் சுரங்க ஊரில் ஜனவரிதான் உச்சக்கோடை. சூடு ஏறாமல் இருக்க அவள் என்ன மீனா? முந்தின நாள் வந்த நர்ஸ் நல்ல பெண், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவள். வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கோரலை முதியோர் இல்லத்துக்கு மாற்றச் சொல்லி எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வின்கோ வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்துக் கோரல் எனக்குப் போன் செய்தாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் கூலரை நிறுத்திவிடுகிறானாம். பில்லைப் பற்றிக் கேட்டால் வானிலையைப் பற்றிப் பேசுகிறானாம். வா, ஆனால் நான் கூப்பிட்டேன் என்று சொல்லாதே என்றாள்.

வந்தேன். கழுத்தில் படம் போட்ட அட்டை, கையில் கோப்பு. கடலோரத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் எங்கள் மேலாளர், யார் வீட்டுக்குப் போனாலும் அட்டை தெரிய முன்வாசலில் நின்று மணி அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அடித்தேன். உள்ளே சோபாவை நகர்த்தும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

அப்போது ஆரம்பித்த சண்டைதான் இது.

வின்கோ சொன்னது இதுதான்: கூலர் நாள் முழுக்க ஓடுகிறது, பில்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களைவிடக் கஷ்டப்படுகிறவன் இருக்கிறான், அவனுக்குக் கொடு. யார் என்று கேட்டேன். தாடையை இறுக்கிக்கொண்டான். ஒருத்தன் கஷ்டத்தை இன்னொருத்தரிடம் பெயர் வைத்துச் சொல்வது எங்கள் ஊரில் கிடையாது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் வைத்த வழக்கம் அது.

கூரை மேல் கூலர் இரைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அறையில் நனைந்த வைக்கோல் வாசனை. கூலரின் நார்த் தட்டி காய்ந்து கிடந்து, அதன் மேல் புதிதாகத் தண்ணீர் விழும்போது மட்டும் வரும் வாசனை அது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். நான் தலையைத் திருப்பி ஜன்னல்களைப் பார்த்தேன். எல்லாம் மூடியிருந்தன.

"நாள் முழுக்க ஓடுதா?" என்றேன்.

"ஓடுது."

"அப்ப ஜன்னல் ஏன் மூடிக் கிடக்கு?"

இந்தக் கூலர் ஈரக்காற்றை உள்ளே தள்ளும். அது வெளியே போக வழி வேண்டும். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைக்காவிட்டால் வீடு சலவைக்கடை மாதிரி புழுங்கிவிடும். இங்கே பிறந்த பச்சைக்குழந்தைக்கும் தெரியும். கூலர் ஓடும்போது ஜன்னலை மூடி வைத்திருப்பவன் அதை உடனே நிறுத்தப்போகிறவன். நிறுத்திய பிறகு திறந்து கிடந்தால் சிவப்புத் தூசி உள்ளே வரும் என்று முன்கூட்டியே மூடியிருக்கிறான்.

கோரல் சிரித்துவிட்டாள். "சொன்னேன்ல கிழவா. இவ மூக்கை ஏமாத்த முடியாதுன்னு."

என் கார் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் கூலரைப் போட்டிருக்கிறான். பிடிபட்டதும் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. தேவாலயக் கூடத்தில் தலையைக் குனிந்து வாங்குவது பிச்சை இல்லாமல் வேறென்ன என்று கேட்டான். கோரல் மாதிரி உடம்பு சூடு தாங்காதவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அரசாங்கமே வருஷாவருஷம் பில்லில் கழிக்கும், அதையும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்றேன். அது பெரிய பிச்சை என்றான்.

அப்போது கோரல் பேசினாள். நாக்கு லேசாகக் குழறியது.

"நான் அந்த இல்லத்துக்குப் போக மாட்டேன், வின்கோ. உன்னால ஜன்னலைத் திறக்க முடியலன்னா மட்டும் சொல்லு. போறேன்."

அவன் தரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சோபா இழுபட்ட தடம் தூசியில் இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. முன்கதவை அவன் கடைசியாக எப்போது திறந்தானோ. யார் திறக்கிறார்கள் இந்த ஊரில்? முன்வாசல் மணி அடித்தால் போலீஸ், இல்லையென்றால் பாதிரியார், இல்லையென்றால் கடன் வசூலிக்க வந்தவன். மற்ற எல்லோரும் பின் சந்து வழியாகத்தான் வருவார்கள். இதே ஊரில் பிறந்து நரைத்தவள் நான், கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மணி அடித்திருக்கிறேன்.

வின்கோ என் வீட்டுக்கு வந்த விதம் அப்போது நினைவுக்கு வந்தது. பல வருஷத்துக்கு முன்னால், என் கணவர் லிண்ட்சே சுரங்கத்தில் பாறை விழுந்து இறந்த வாரம் அது. சம்பள நாளில் சுரங்க வாசலில் தலைக்கவசத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பது வின்கோவின் வேலை. யாருக்கென்று யாரும் கேட்க மாட்டார்கள், அதில் பணம் போட்டுவிட்டுப் போவார்கள். அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பின்பக்கம் வந்தான். வேண்டாம் என்று கத்தினேன். கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, ரொட்டி டப்பாவின் பின்னால் பொட்டலத்தை வைத்து, ஒரு வார்த்தை சொன்னான். பிறகு கெட்டிலைப் போட்டுத் தனக்கும் எனக்கும் டீ போட்டான். துக்கம் விசாரிக்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

நான் எழுந்தேன். கோப்பை மூடினேன். முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். ஒழிந்தாள் என்று வின்கோ நினைத்திருப்பான். கோரல் என்ன நினைத்தாளோ.

அட்டையைக் கழற்றிக் கார் இருக்கையில் போட்டேன். கோப்பையும் அங்கேயே போட்டு, அவன் கையெழுத்துப் போட வேண்டிய அந்த ஒரு காகிதத்தையும் பேனாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் பின் சந்துக்குள் நடந்தேன். தகர வேலி கை வைத்தால் சுடும். குப்பைத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, ஒரு எலுமிச்சை மரம். வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். தட்டவில்லை. அடுப்பு மேடையில் கோரலுக்குத் துருவிய சீஸும் கேரட்டும் மயோனைஸில் கலந்து வைத்திருந்தான், மேலே ஒரு துணி போட்டு. பக்கத்தில் ரொட்டி டப்பா. காகிதத்தை அதன் பின்னால் செருகினேன். கெட்டிலைப் போட்டேன்.

சத்தம் கேட்டு வின்கோ வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் திரும்பிப் பார்க்காமல் கோப்பைகளைத் தேடினேன்.

"இது உன்னோடதுதான்," என்றேன். "இத்தனை வருஷம் எங்ககிட்ட விட்டு வச்சிருந்தே. திரும்பி வந்திருக்கு."

கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது.

"அது நான் சொன்னது," என்றான் வின்கோ.

"நீதான் சொன்னே. நான் அன்னைக்கு உன்னைத் திட்டின திட்டு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினே."

"ஆனா வாங்கிக்கிட்டேன்."

முன்னறையிலிருந்து கோரல், டீ எனக்கும் உண்டா இல்லை நீங்கள் இருவருமே குடித்துவிடுவீர்களா என்று கேட்டாள். வின்கோ என்னைத் தாண்டி வந்து ரொட்டி டப்பாவை நகர்த்தினான். காகிதத்தை எடுத்து, கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்து, முழுக்கப் படித்தான். தொழிற்சங்கத்துக்காரன், படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டான். பேனாவுக்காகக் கையை நீட்டினான். கல்லில் செதுக்குகிறவன்போல அழுத்திப் போட்டான். டாக்டர் எழுத வேண்டிய காகிதம் எப்போது வரும் என்று கேட்டான். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

முன்னறைக்குப் போனான். நான் டீக் கோப்பைகளோடு பின்னால் போனபோது கோரலின் நாற்காலிக்கு அருகே இருந்த ஜன்னலைத் தூக்கிக்கொண்டிருந்தான். இறுகிப் போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தூக்கி, ஒரு சாண் அளவு விட்டான். அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. காற்று அசைந்தது. திரைச்சீலை வெளிப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது. வைக்கோல் வாசனை போய்விட்டிருந்தது. கோரல் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

கடைசியாகச் சமையலறை ஜன்னலைத் திறக்கப் போனவன் அங்கேயே நின்றான். அங்கிருந்து பார்த்தால் பின் சந்தும், சந்துக்கு அப்பால் இருக்கும் வீட்டின் பின்சுவரும் தெரியும். நான் கோரலின் கையில் கோப்பையை வைத்து, அவள் விரல்கள் அதைப் பிடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வெர்னா," என்றான் வின்கோ, திரும்பாமல், தாழ்ந்த குரலில். "அதோ, மெர்வின் வீட்டு ஜன்னலும் இந்த வாரம் பூரா மூடித்தான் கிடக்கு. மணி கிணி அடிச்சுத் தொலைக்காதே."