ஒஸ்மோவுக்குக் கொடுத்த காலிப்பர்

பின்லாந்தில், ஈசால்மி ஊருக்கு வெளியே, பழைய கார்களை உடைத்து விற்கும் காயலான் கடையில் பன்னிரண்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். உதிரிபாகம் கேட்டு யார் வந்தாலும் என் முறை ஒன்றுதான். முதலில் வண்டியின் பதிவு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவேன். அடுத்து, கழற்றிய பழைய பாகத்தையோ அதன் போட்டோவையோ காட்டச் சொல்வேன். அதில் பொறித்த எண் ஒத்துப்போனால்தான் சாமான் கை மாறும். ஃபாக்டரியிலிருந்து வண்டி எப்படி வந்தது என்றுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பிறகு யார் கை வைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது.

போன மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை, ஒஸ்மோ வந்தான். என்னை விட்டுப் போன ஹெல்யா இப்போது இவனோடுதான் இருக்கிறாள். விவாகரத்தில் அவளுக்குப் போன என் சாம்பல் நிற வண்டியில்தான் வந்தான். டிரைவர் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தான். தலையில் அவள் பின்னிய கம்பளித் தொப்பி. பதினோரு வருஷத்தில் எனக்கு அவள் ஒரு ஜோடி காலுறை பின்னினாள், அதுவும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"வணக்கம் ரெயோ. முன்பக்கம் இடது பிரேக் காலிப்பர் இறுகிப்போச்சு. நாளைக்கு வீட்லயே மாத்தலாம்னு இருக்கேன். உங்ககிட்ட இருக்குமா?"

எண்ணைத் தட்டினேன். சாதாரண அளவு என்று காட்டியது. ஆனால் அந்த வண்டிக்குப் பெரிய மாடலின் முன்பிரேக்கைப் போட்டவன் நான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இரண்டு பக்கமும் பெரியவை. கம்ப்யூட்டர் சொல்வது அதில் உட்காரவே உட்காராது.

"வேற ஏதாவது பாக்கணுமா? பழசு இன்னும் வண்டியிலதான் இருக்கு. சக்கரத்தைக் கழட்டிக் காட்டட்டுமா?" என்றான்.

"வேண்டாம். கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாதாரண அளவையே எடுத்துக் கொடுத்தேன்.

என்னோடு கடையில் வேலை பார்க்கும் ஆவுலிஸ் பின்னாலிருந்து திரும்பிப் பார்த்தான். என் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவன் கேட்டதேயில்லை.

மறுநாள் காலை முழுக்க என் கண் வாசலிலேயே இருந்தது. ஒஸ்மோ ஜாக்கி போட்டுத் தூக்குவான், பொருத்திப் பார்ப்பான், திருப்பிப் பார்ப்பான். படியில் காபிக் கோப்பையோடு நின்று ஹெல்யா சிரிப்பாள். ரெயோவாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒரு நொடியாவது நினைப்பாள்.

"யாருடா வரப்போறா? பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றான் ஆவுலிஸ். "கண்ணாடி தேஞ்சிடும், மெதுவாப் பாரு."

யாரும் வரவில்லை. திங்கட்கிழமை போன் வந்தது.

"ரெயோ, அச்சு மாதிரி உக்காந்துடுச்சு. ரொம்ப நன்றி."

"உக்காந்துச்சா? அதெப்படி? அதுல இருக்கறது பெரிய பிரேக்காச்சே!"

"நீங்க போட்டதா? அது போன வருஷமே போச்சே. குளிர்கால டயரோட சின்னச் சக்கரம் அதுமேல ஏறலைன்னு ஹெல்யா பழைய அளவுக்கே மாத்திட்டா."

"எந்த மெக்கானிக்கிட்ட?"

"மெக்கானிக் எதுக்கு? அவளேதான். நான் டார்ச் பிடிச்சேன், அவ்வளவுதான்."

என் வீட்டில் ஹெல்யா ஸ்பானரைத் தொட்டதில்லை. ஒருமுறை கொட்டகைக்கு வந்து, "நானும் பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள். கை அழுக்காகும், போய்க் காபி போடு என்றேன். இவன் வெறும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எதையெல்லாம் பார்த்திருக்கிறான்!

மறுமுனையில் ஒஸ்மோ யோசிப்பது தெரிந்தது.

"ஒரு நிமிஷம் ரெயோ. பெரிய பிரேக் இன்னும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேவா, வெள்ளிக்கிழமை எனக்கு இந்தச் சின்னதைக் கொடுத்தீங்க?"

"என்னவாம் அவருக்கு?" என்று அவன் பின்னால் ஹெல்யாவின் குரல்.

"ஒண்ணுமில்ல," என்றான் அவளிடம். "நன்றி சொல்லிட்டிருந்தேன்."

போனை வைத்துவிட்டான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.