முன் சீட்டில் அரிசிப் பை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் சோமசேகரன் காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். காரைக்கால் தருமபுரத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். ஆனாலும் தெரியாத மாதிரி, "என்ன சார், பீச்சுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவரும் "ஆமா, ஆமா" என்பார். உள்ளே பெரியநாயகி டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். பத்து நிமிஷம் முடிந்ததும் அவர் தனியாகக் கிளம்பிப் போவார். எட்டு மாதமாக இதே கதைதான்.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. கார் வாங்கிய நாளிலிருந்து முன் சீட்டு பெரியநாயகியுடையது. பிளாஸ்கில் டீயும் ஒரு டப்பாவில் சுண்டலுமாக வந்து ஏறுவாள். வண்டி நகர்ந்ததும் வாய் திறக்கும். வழியில் உள்ள கடை போர்டு ஒன்றுவிடாமல் படிப்பாள். "இந்த வீட்டுக்குப் பச்சை அடிச்சிருக்காங்க பாருங்க, கண்ணு கூசுது." "மருந்துக்கடைய மூடிட்டாங்க போலருக்கே." அரசலாற்றுப் பாலம் வருவதற்குள் சோமசேகரனுக்குத் தலை வலிக்கும். "ரோட்டப் பாக்க விடுறியா?" என்று எரிந்து விழுவார். இப்போது தனியாகப் போகும்போது ஒரு நாள், சிக்னலில் நின்றவர், எதிரே இருந்த போர்டை வாய்விட்டுப் படித்தார். 'ஸ்ரீ முருகன் எலெக்ட்ரிகல்ஸ், மோட்டார் காயில் கட்டித் தரப்படும்.' படித்து முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அங்கே பத்து கிலோ அரிசிப் பை இருந்தது.

அந்த அரிசிப் பை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில் முன் சீட்டில் யாராவது உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்றால் டிங் டிங் என்று மணி அடிக்கும். ஒரு நாள் ரேஷன் கடைக்குப் பக்கத்துக் கடையில் அரிசி வாங்கி முன் சீட்டில் வைத்தார். மணி அடித்தது. ஆள் உட்கார்ந்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டது. பையைத் தூக்கிப் பின்னால் போட்டால் முடிந்தது. போடவில்லை. வீடு வரைக்கும் அடிக்கவிட்டே ஓட்டினார். அதற்கப்புறம் அரிசி தீர்ந்ததோ இல்லையோ, மாதத்துக்கு மூன்று தடவை அரிசி வாங்கினார். "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குங்க இவ்வளவு?" என்று பெரியநாயகி கேட்டாள். விலை ஏறப்போகிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

இனி, இதற்கெல்லாம் காரணமான காதுகுத்துக்கு வருவோம். பெரியநாயகியின் தங்கை அஞ்சுகம் குரும்பகரத்தில் இருக்கிறாள். அவள் பேத்திக்குக் காதுகுத்து. விருந்து முடிந்து கிளம்பும்போது சோமசேகரன் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். கியர் போட வேண்டாத வண்டி, கிளட்ச் கிடையாது, கீழே இரண்டே பெடல். இருபது வருஷம் பழைய வண்டியில் மூன்று பெடலை மிதித்துப் பழகிய கால் அவருடையது. முன்னால் போக 'டி'யில் போட்டார், வண்டி மெல்ல நகர்ந்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது, திரும்பினார். அடுத்து அவருக்குத் தெரிந்தது, வண்டி பாய்கிறது. பிரேக்கை மிதித்தார். இன்னும் வேகமாகப் பாய்ந்தது. பலமெல்லாம் சேர்த்து மிதித்தார். கொல்லைப் பக்கத்து வைக்கோல் போருக்குள் பாதி வண்டி புதைந்து நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை அந்தப் போருக்குப் பக்கத்தில் நான்கு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் வண்டி வந்ததால் வாசலுக்கு ஓடியிருந்தார்கள். சோமசேகரன் தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கினார். கை நடுங்கியது. சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி நின்றது. முப்பத்தொரு வருஷம் மின்துறையில் வேலை பார்த்தவர், எத்தனையோ லைன் விபத்துகளை நேரில் போய்ப் பார்த்து 'ஊழியரின் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதியவர், அந்த நிமிஷம் ஒரு காரணம் தேடினார். அகப்பட்டது.

"மேட்டு சிக்கிக்கிச்சு! இவதான் இருக்கிற மேட்டு மேல இன்னொரு மேட்டு போட்டு வச்சிருந்தா. ஆக்ஸிலேட்டர்ல ஏறிக்கிச்சு. நான் பிரேக்க மிதிக்கிறேன், வண்டி நிக்கவே மாட்டேங்குது!"

பெரியநாயகி காலடியில் மேட் வாங்கிப் போட்டது உண்மைதான். வயல்காட்டுச் சேறு ஒட்டுகிறது என்று பாரதியார் வீதியில் தடியான ரப்பர் மேட் ஒன்று வாங்கி வண்டியில் விரித்திருந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அஞ்சுகம்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"ஏங்க்கா, புள்ளைங்க நின்னிருந்தா என்னாயிருக்கும்? அழகு பாக்கவா மேட்டு போடுறது? அறிவு வேணாமா?"

பெரியநாயகி முந்தானையால் அவர் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். பம்பர் மாற்றி வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. கூப்பிட்டால், "நான் வந்தா எதையாவது போட்டுக் கெடுத்துடுவேன். நீங்க போயிட்டு வாங்க" என்பாள். கோபமாகச் சொன்னாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம். சாதாரணமாகச் சொல்லுவாள்.

வரிச்சிக்குடியில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது அவள் டவுன் பஸ்ஸில் ஏறினாள். இவர் காரில் கிளம்பினார். முந்திப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போகவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பஸ் நின்ற இடமெல்லாம் நின்றார். பின் ஜன்னல் ஓரத்தில் அவள் கொண்டையும் அதிலிருந்த மல்லிகையும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கையை நீட்டி நீட்டி எதையோ காட்டிப் பேசிக்கொண்டு வந்தாள். போர்டு படிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. யாரோ ஒருத்திக்குப் படித்துக் காட்டுகிறாள்.  அறுபத்து நான்கு வயதில் டவுன் பஸ்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனுஷன் காரைக்காலிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பயந்துபோயிருக்கிறாள், வண்டியைச் சரிசெய்துவிட்டால் ஏறிவிடுவாள் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். வண்டி சர்வீஸுக்கு விட்ட அன்று அங்கே இருந்த மெக்கானிக் பெண்ணிடம் கேட்டார். அறிவுமதி என்று பெயர், முப்பது வயது இருக்கும், கையில் கிரீஸ்.

"ஏம்மா, ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கிட்டாலும் வண்டி பாயாத மாதிரி ஏதாவது மாட்ட முடியுமா? செலவப் பத்திக் கவலயில்ல."

"அது உங்க வண்டியிலயே இருக்கே சார்" என்றாள் அறிவுமதி. "மொதல்ல இதப் பாருங்க, கம்பெனி மேட்ட ரெண்டு கொக்கியில மாட்டி வச்சிருக்கு, நகராது."

"அது மேல இன்னொண்ணு போட்டா?"

"போடக்கூடாது. போட்டு, அது ஏறிச் சிக்கிக்கிச்சுன்னே வச்சுக்குங்க. நீங்க பிரேக்க மிதிச்சா போதும். ரெண்டும் ஒரே நேரத்துல மிதிபட்டா வண்டி பிரேக் சொல்றததான் கேக்கும். எஞ்சின் தானா அடங்கிடும். வாங்க, காட்டுறேன்."

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஓட்டினாள். வலது காலால் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள், வண்டி கிளம்பியது. அந்தக் காலை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் சத்தம் பொசுக்கென்று இறங்கியது. வண்டி நின்றுவிட்டது. அவள் வலது கால் இன்னும் ஆக்ஸிலேட்டர் மேலேயே இருந்தது.

"நீங்க இப்படிப் பண்ணிப் பாக்காதீங்க. காட்டுறதுக்காகச் செஞ்சேன்."

"எப்பவும் இப்படித்தான் நிக்குமா?"

"பிரேக்க மிதிச்சா நிக்கும் சார். மிதிக்கணும், அவ்வளவுதான்."

 ஓவர்லோடு ஆனால் லைன் தானாக ட்ரிப் ஆகி நின்றுபோகிற சமாச்சாரம் மின்துறைக்காரரான சோமசேகரனுக்குப் புதிதா என்ன. வைக்கோல் போர் அன்று மிதிக்க மிதிக்க வேகம் கூடியது ஞாபகம் வந்தது. பிரேக்கில் கால் பட்டிருந்தால் கூடியிருக்காது. அவர் பாதம் அங்கே போகவே இல்லை. ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய வரி அவருக்கு மனப்பாடம்தான்.

வீட்டுக்கு வந்தபோது பெரியநாயகி கொல்லையில் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலுக்கடியில் வழுக்காமல் இருக்க அந்த ரப்பர் மேட்டைப் போட்டிருந்தாள். எட்டு மாதமாக அது அங்கேதான் கிடந்தது. வீணாக்க மனசு வராமல் எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"நாயகி, அன்னிக்கு மேட்டு சிக்கல. நான்தான் கால மாத்தி வச்சுட்டேன். பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சிருக்கேன்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவினாள்.

"மேட்டு அன்னிக்கு வண்டியிலயே இல்லங்க" என்றாள். "மொத நாள் சாயங்காலம் தொவச்சு மாடியில காயப்போட்டேன். நாம காதுகுத்துல இருந்தப்ப அது இங்க கொடியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

சோமசேகரன் குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். 

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அத்தன பேருக்கு எதிர்லயா? கை எப்படி நடுங்குச்சு உங்களுக்கு. மேட்டுன்னு சொன்னதும் நடுக்கம் கொஞ்சம் அடங்குச்சு. சரி, மேட்டாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

"சத்தியமா பிரேக்குன்னுதான் நெனச்சேன் நாயகி."

"அது எனக்குத் தெரியாதா? யாருக்கும் கால் தவறும். நான் கேக்கறது வேற. மேட்டு சிக்கிக்கிச்சுன்னு சொன்னீங்களே, குனிஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப சிக்குனது நான்தான?" அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வந்ததும் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வண்டிச் சத்தம் கேக்கும்போது ஓடி வந்து ஏறிக்கணும் போலத்தான் இருக்கும். டி.வி.யக் கூட்டி வச்சுக்குவேன்."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் குரும்பகரத்துக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. அஞ்சுகத்தின் வீட்டில் நடவுக்கு வந்தவர்கள், சம்பந்தி வீட்டார் என்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னார்: தவறு என்னுடையது, மேட் அன்று வண்டியிலேயே இல்லை, பெண்டாட்டி மேல் பழியைப் போட்டுவிட்டேன். ஒருத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. அஞ்சுகம் சிரிக்கவில்லை.

"எங்கக்காவ என்னா பேச்சுப் பேசிட்டேன் மாமா" என்று மூக்கைச் சிந்தினாள். அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

வீட்டில் பெரியநாயகி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. செவ்வாய், புதன் என்று நாள் போயிற்று. அந்த வாரம் போல நீளமான வாரத்தை அவர் முப்பத்தொரு வருஷ வேலையில்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் காரை வெளியே எடுத்து நிறுத்தினார். முன் சீட்டில் வழக்கமாக இருக்கும் அரிசிப் பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எட்டு நிமிஷம். உள்ளே டி.வி. ஓடியது. பத்தாவது நிமிஷம் தாண்டியது. கிளம்ப மனசில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

டி.வி. நின்றது. கதவு பூட்டும் சத்தம் கேட்டது. பெரியநாயகி பிளாஸ்கோடு வந்து முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அவர் பிரேக்கை நன்றாக மிதித்துக் காட்டி, கியரை 'டி'யில் போட்டார். தெருமுனை திரும்புவதற்குள் டிங் டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. வழக்கமாக, "பெல்ட்டப் போடு" என்று அதட்டுகிறவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னங்க, காது கிழியுது, நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றாள், பெல்ட்டைத் தேடிக்கொண்டே.

"இந்தத் தெரு முடியிற வரைக்கும் அடிக்கட்டும் நாயகி. எட்டு மாசமா அரிசிப் பைக்கு அடிச்சுது."