உதடு ஒட்டும் இடம்

என் தம்பி எடுத்த முதல் நான்கு குறும்படங்களுக்கும் நான்தான் இசை. நான்கையும் அவன் சத்தத்தோடுதான் அனுப்பினான். சத்தம் என்றால் எல்லாச் சத்தமும்: நடிப்பவர்களின் பேச்சு, பின்னால் யாரோ இருமுவது, கட் சொல்ல மறந்துவிட்டு அவனே ஐயோ என்பது. ஷூட்டிங்கில் அப்படியே பதிவாகிற அந்தப் பேச்சுக்குப் பைலட் ட்ராக் என்று பெயர். டப்பிங் முடிகிறவரை அதை வைத்துத்தான் நான் வேலை செய்வேன். ஐந்தாவது படம் மட்டும் ஊமையாக வந்தது.

"பைலட் எங்கடா?" என்று போனில் கேட்டேன்.

"டப்பிங் பண்ணப் போறோம்க்கா. அது எதுக்கு, ஒரே இரைச்சல்."

"இரைச்சலை வச்சுத்தானே நாலு படம் போட்டேன்."

"இந்தத் தடவை படத்தை மட்டும் பாத்துப் போடேன். புதுசா இருக்கும்."

புதுசாக இருக்கும் என்று அவன் சொன்னால் எதையோ மென்று முழுங்குகிறான் என்று அர்த்தம். சின்ன வயதில் என் வாட்ச்சை உடைத்துவிட்டு, "கண்ணாடி இல்லாம புதுசா இருக்குல்ல" என்றவன் அவன்.

சந்தேகப்படுவது எனக்குக் கைவந்த கலை. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டு: நல்ல காது, கெட்ட சந்தேகம். அம்மா கடைக்குப் போனால் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாசலில் நின்று பார்ப்பார். போன் வந்தால் எட்டுக் கேள்வி கேட்பார். வீட்டு ஜன்னல்கள் வருஷம் முழுக்கச் சாத்தியே இருக்கும். என்னிடம் மட்டும் உயிரையே வைத்திருந்தார். நான் கீபோர்டில் உட்கார்ந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார்.

என் ஸ்டுடியோ என்பது படுக்கையறைதான். ஜன்னலுக்கு மெத்தை, கதவுக்குக் கம்பளி, எதிரொலிக்குத் துணி நிறைந்த அலமாரி. லிப்ட் மேலே ஏறும்போது மட்டும் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம். ஒரு வீட்டில் ஒரு மனிதர் இறந்துபோகிறார். எல்லோரும் போனபிறகு ஒரு பெண் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிறாள். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே, எதிரில் நிற்கிறவனிடம் ஒரு வாக்கியம் பேசுகிறாள்.

படத்தை நிறுத்தினேன். கண்ணாடியைச் சட்டைக் கையில் துடைப்பது என் பழக்கம். அந்த ஜன்னல்கள் எங்கள் வீட்டு ஜன்னல்கள். அந்த மாடிப்படி மட்டும் எங்கள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், அப்பா போன அன்று காலை, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து என் தோழியிடம் போனில் சொன்னேன்: "அப்பா போனது நிம்மதியா இருக்கு." சொல்லிவிட்டுத் திரும்பினால் கீழ்ப்படியில் தம்பி, கையில் காகிதங்களோடு. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா அழுத ஒவ்வொரு முறையும் நானும் கூடவே அழுதேன், ஆனால் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. சனிக்கிழமை படத்தைத் திரையிடுகிறார்கள். அம்மா முதல் வரிசையில் உட்காருவாள். பெற்ற மகள் இப்படி நினைத்தாள் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

படத்தை மெதுவாக ஓட்டினேன். உதட்டசைவுக்குத் தாளம் பொருந்துகிறதா என்று பார்க்க எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் தாளம் பார்க்கவில்லை. ப-வும் ம-வும் உதடு ஒட்டாமல் வராது. என் வாக்கியத்தில் மூன்று இடத்தில் ஒட்ட வேண்டும்: அப்பா, போனது, நிம்மதி. திரையில் பார்த்தேன். போனது, ஒட்டியது. நிம்மதி, ஒட்டியது. முதல் வார்த்தையில் மட்டும் சரியாக ஒட்டவில்லை. கீழுதடு மேல்பல்லைத் தொட்டும் தொடாமலும் திரும்பியது. நடித்த பெண்ணுக்கு உச்சரிப்பு போதாது என்று முடிவு கட்டினேன்.

அன்று மத்தியானம் அம்மா கூப்பிட்டாள்.

"பாட்டு முடிஞ்சுதா?" அம்மாவுக்கு எல்லா இசையும் பாட்டுதான்.

"இல்லம்மா. ஏன்?"

"படியில உக்காந்து பேசற இடம் ஒண்ணு வருதாமே. அங்க நல்லா சத்தமா போட்டுடு."

முப்பது வருஷமாக 'சத்தத்தைக் குறை' என்பதைத் தவிர என் இசையைப் பற்றி வேறு கருத்துச் சொல்லாதவள். "எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான். சத்தமா இருந்தா நல்லா இருக்கும்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆக, தம்பி உளறிவிட்டான். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு பேர் முன்னால் மானம் போகக் கூடாதென்று அம்மாவே என்னை மூடி மறைக்கப் பார்க்கிறாள். கோபத்தில் காது சூடாகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து, அவள் படியில் பேசுகிற அந்தப் பதினொரு நொடிக்கு இசை போட்டேன். முதல் வார்த்தையின் மேல் டிரம்ஸ், இரண்டாவதன் மேல் இன்னும் பெரிய டிரம்ஸ், மிச்சத்தின் மேல் எட்டு வயலின். அந்தப் பெண் மைக் வைத்துக் கத்தினாலும் கேட்காது.

வியாழக்கிழமை தம்பி வந்து கேட்டான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இந்த இடத்துல போர் நடக்கற மாதிரி இருக்கு."

"அம்மாவுக்கு சத்தமா வேணுமாம்."

அவன் முகம் வெளுத்தது. "அம்மா உங்கிட்ட பேசினாங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கறீங்களா? அவ என்ன பேசறான்னு எனக்குத் தெரியும். ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு உதடா எண்ணினேன்."

"ஒளிஞ்சு நின்னு கேக்கற மாதிரிதானே இது? அப்பா மாதிரியே பண்றக்கா நீ."

அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "நான் ஆஸ்பத்திரியில சொன்னதைத் திருடி அவ வாயில வச்சிருக்க. அப்பா போனது நிம்மதியா இருக்குன்னு. நீ படியில நின்னு கேட்டல்ல?"

மேலே ஏறிய லிப்ட் எந்த மாடியிலோ நின்றது.

"நான் எதுவும் கேக்கலக்கா. போனை வச்சுட்டு அழுதிட்டிருக்கன்னு நினைச்சு கீழயே நின்னுட்டேன்." பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் கம்ப்யூட்டரில் செருகினான். "பைலட்டைக் கேளு."

கேட்டேன். அந்தப் பெண்ணின் குரல் தெளிவாக இருந்தது, உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

*அவர் போனது நிம்மதியா இருக்கு.*

அப்பா இல்லை. அவர். கீழுதடு பல்லைத் தொட்டது அந்த வ-வுக்கு. எங்கள் வீட்டில் அப்பாவை அவர் என்று சொல்கிறவள் ஒருத்திதான். சட்டைக் கையிலோ புடவைத் தலைப்பிலோ கண்ணாடியைத் துடைப்பதை நான் அவளிடமிருந்துதான் பழகினேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப அம்மா கார்ல சொன்னாங்க" என்றான் தம்பி. "படி மட்டும் நீ உக்காந்திருந்த படி." "அவங்க சொன்னதைப் படத்துல வச்சுக்கவான்னு கேட்டேன். சரின்னாங்க. ஒண்ணே ஒண்ணு, அக்காவுக்குத் தெரியக் கூடாது. அவ அப்பா செல்லம், கேட்டா உடைஞ்சு போயிடுவான்னாங்க."

"சனிக்கிழமை தியேட்டர்ல எனக்கு எப்படித் தெரியாம இருக்கும்?"

"அன்னிக்கு உன்னை ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்னு இருந்தேன். அவங்க உன்னையே சத்தமா போடச் சொல்லுவாங்கன்னு நான் கண்டேனா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மாவுக்காக நான், எனக்காக அம்மா. நான்கு வருஷம் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து அழுது ஒப்பேற்றியிருக்கிறோம். டிரம்ஸை அழித்தேன், எட்டு வயலினையும் அழித்தேன். பதினொரு நொடியும் காலியாகக் கிடந்தது.

அவன் போனபிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சத்தமா போட்டியா?" என்றாள், எடுத்தவுடனே.

"இல்லம்மா. அங்க இசையே இல்லை. அவ பேசறது நல்லாக் கேக்கும்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அம்மா, அதே வார்த்தையை நானும் அன்னிக்குச் சொன்னேன். படியில உக்காந்து."

ஜன்னல் மெத்தையை நகர்த்தியிருந்தேன், கீழே தெருவில் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அம்மாவின் குரல் வந்தது, உதடு ஒட்டினால் மட்டும் வருகிற ஒற்றை எழுத்தாக.

"ம்."