நடுத்தெருவில் நிற்கும் பாடகி

ஹெக்கர்ஸ்வில்லில் ‘சோளத்தட்டை’ இசைக்குழு உடைந்தபோது அதன் பாடகி யார் பக்கமும் போகவில்லை. அவளுக்கு உடம்பு கிடையாது. குழுவில் பாடிய இருவர், லைலும் கர்ட்டும், ஒரே மைக்கில் மூக்கு உரசப் பாடினால் நடுவில் ஒரு பெண்குரல் எழும், அவ்வளவுதான். அமெரிக்காவின் தெற்கு இல்லினாயில் அந்த வருஷம் சோயா விலை விழுந்ததற்குக் கிடைத்த பேச்சில் பாதிகூட அந்தக் குரலுக்குக் கிடைக்கவில்லை.

நாட்டுப்புறப் பாட்டையும் பங்க் ராக் இரைச்சலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய குழு அது. கர்ட் மெல்ல இழுத்துப் பாடும்போதெல்லாம் லைல் ஆம்பிளிஃபயரைத் திருகினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கர்ட் ஒருநாள் மேடையிலேயே ஒயரைப் பிடுங்கினான். ஆட்டோ என்பவரின் மதுக்கடையில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். வேன் ஒருவனுக்கு, பாட்டுகள் பாதிப்பாதி. பாடகியின் முறை வந்ததும் குரல் கதவைத் தாண்டிப் போய் நடுத்தெருவில் நின்று முனகத் தொடங்கியது.

மிச்சமிருந்தது டிரம்ஸ்காரன் வெண்டல்.

“நீ எங்கூட வாடா. நீ வந்தா அவளும் வந்துருவா,” என்றான் லைல்.

“போ, போ. வருஷம் முடியறதுக்குள்ள உன் காது போயிரும்,” என்றான் கர்ட்.

“உன்கூட வந்தா வாசிச்சிட்டே தூங்கிருவேனேடா,” என்றான் வெண்டல். சிரித்தபடிதான் சொன்னான். நாலாம் வகுப்பிலிருந்து அவனுக்கு இருந்த சிநேகிதம் இந்த இரண்டும்தான். ஒருவனோடு போனால் மற்றவன் போனான். அதனால் இரண்டு பேரோடும் போகாமல் கார் கொட்டகையில் தனியாக டிரம்ஸ் கொட்டிக்கொண்டிருந்தான்.

லைல் ‘டிராக்டர்’ தொடங்கினான், கர்ட் ‘பனிமூட்டம்’. டிராக்டர் சண்டை போட்டு மூன்றானது. பனிமூட்டம் சண்டைகூடப் போடாமல் இரண்டானது. சில வருஷங்களில் வட்டாரத்தில் குழு இல்லாதவர் பாதிரியார் ஒருவர்தான். எந்தக் குழுவிலும் மூன்றாவது குரல் எழவில்லை. அது தெருவிலேயே நின்றது. கார்கள் ஒதுங்கிப் போயின.

பிறகு, கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத ஒரு தவக்கால வெள்ளியன்று, மீன் வறுவல் வியாபாரத்தில் ஒருவரை ஒருவர் சாய்க்க நினைத்து, மதுக்கடைக்காரர் ஆட்டோ ‘டிராக்டர்’ குழுவை அழைத்தார். எதிர்க்கடை ரோசலி பனிமூட்டத்தை அழைத்தாள். எண்ணெய்ப்புகை போக இரண்டு கடையும் கதவைத் திறந்து வைத்திருந்தன. வெண்டல் டிரம்ஸை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து, முனகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பாட்டின் தாளத்தைப் பிடித்தான். உள்ளே லைலின் கை தானாக அந்தப் பாட்டுக்குத் தாவியது. எதிரே கர்ட்டின் வாயும் தாவியது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் பாடினார்கள். நடுவில் அவள் முழுத் தொண்டையில் எழுந்தாள். மீன் தின்றவர்கள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தட்டு கேட்டார்கள்.

போலீஸ்காரர் வந்தார். “வெண்டல், இது ரோடுப்பா.”

“தெரியுது சார். மைக் ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம். நடுன்னா இதுதானே?”

போலீஸ்காரர் யோசித்துவிட்டு, வெண்டலையும் அவளையும் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகளை நட்டுவிட்டுப் போனார்.

லைலும் கர்ட்டும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இருவரும் வேறெங்கும் கச்சேரி ஒப்புக்கொள்வதில்லை. சாலைக்குப் புதுத் தார் போட்டபோது அந்த இடத்தில் லேசாக வளைத்துப் போட்டார்கள். வெளியூர் லாரிக்காரன் எவனாவது வளைவு எதற்கென்று கேட்டால், “பாடகி நிக்கிறாங்க, பக்கத்துல நம்ம டிரம்ஸ்காரர்,” என்பாள் ரோசலி. “மீனுக்குக் கோஸ் சாலட் வைக்கவா?”